கோழியா, முட்டையா? கூடு!

வீட்டுக் கோழிக்கு வீடு கட்டுவது பற்றிக் கேட்கலாம் என்று போன இதழில் சொன்னதுதான் சொன்னோம், கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒன்றில் அத்தாட்சிக்கு இறகு ஒட்டியிருந்தது. இன்னொன்றில் ஒட்டியிருந்தது இறகில்லை. அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டோம்.

ஆறு பெட்டை, ஒரு சேவல் வாங்க ஆசை. எவ்வளவு பெரிய கூடு வேண்டும்?
*முதல் முறைக்காரர், தென்காசி*

ராத்திரி தூங்க மட்டும் என்றால் கோழிக்கு 2 சதுர அடி. ஏழுக்கு 14. நாலுக்கு நாலடியில் அடித்தால் 16 சதுர அடி. ஒரு விருந்தாளிக்கும் இடம் மிஞ்சும். ஆனால் கூட்டின் அளவு ராத்திரியில் இல்லை, பகலில் இருக்கிறது. காலையில் திறந்துவிட்டு மாலையில் அடைப்பீர்கள் என்றால் இது போதும். பக்கத்து வீட்டுக் கீரைப்பாத்திக்குப் பயந்து நாள் முழுக்க அடைத்தே வைப்பதென்றால், கூட்டை ஒட்டி வலையடித்த முற்றம் ஒன்று வேண்டும். கோழிக்கு 10 சதுர அடி வீதம் பத்துக்கு ஏழடி. இதில் கை வைத்தால் வேலை இல்லாத கோழிகள் ஒன்றின் இறகை ஒன்று பிடுங்க ஆரம்பிக்கும்.

இன்னொன்று. கூட்டின் உயரத்தைக் கோழியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கூட்டைக் கூட்டப் போவது நீங்கள். ஒன்று, நிமிர்ந்து நிற்கும் உயரத்தில் கட்டுங்கள். அல்லது, வெளியிலிருந்தே கை எட்டும்படி ஒரு பக்கம் முழுவதையும் கதவாக்குங்கள். தவழ்ந்து போய்ச் சுத்தம் செய்யும் கூட்டைக் கட்டியவர்கள் மூன்றாவது மாதத்தில் சுத்தம் செய்வதை விட்டுவிடுகிறார்கள். நான் இரண்டாவது மாதத்திலேயே விட்டவன்.

ஆன்லைனில் ஒரு கூடு பார்த்தேன். சிவப்புக் கூரை, வெள்ளை ஜன்னல், குட்டி ஏணி. "10 கோழிகளுக்கு" என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?
*பெயர் வேண்டாம், சென்னை*

பத்து என்று போட்டிருந்தால் நான்கு என்று படியுங்கள். அந்தக் கணக்கைப் போட்டவர் ஷேர் ஆட்டோ ஓட்டியவராக இருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை, அது பனி விழும் ஊருக்காக வரைந்த வீடு. சூடு வெளியே போகாதபடி நாலு பக்கமும் பலகை, பெயருக்கு ஒரு ஜன்னல். நமக்குத் தேவை நேர் எதிர். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைப் பிளந்து மூச்சு வாங்கியும், கொண்டை, தாடை வழியாகவும்தான் சூட்டை வெளியேற்றும். நம் ஊர்க் கூட்டில் இரண்டு நீளப் பக்கங்களும் பெரும்பகுதி வலையாக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் இறக்கிவிடச் சாக்குப் படுதா போதும். அந்தக் குட்டி ஏணியில் உங்கள் பேரன் ஏறி உடைத்துவிடுவான் என்பதையும் விலையோடு சேர்த்துக் கொள்ளுங்கள்.

கோழிக்கூட்டுக்கு வாஸ்து உண்டா?
*பஞ்சாங்கப் பிரியர், கும்பகோணம்*

உண்டு. சூரியன் எழுதிய வாஸ்து. கூட்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக ஓட வேண்டும். அப்போது காலை வெயிலும் மாலை வெயிலும் குட்டையான பக்கச் சுவர்களில்தான் அடிக்கும். நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்த்துக் காற்று வாங்கும். கூரை இறவாணத்தைத் தாராளமாக நீட்டிவிட்டால் உச்சி வெயிலும் ஐப்பசிச் சாரலும் உள்ளே வராது. தரையை ஓரடியாவது மேடாக்குங்கள். தண்ணீர் தேங்கும் மூலை எந்தத் திசையில் இருந்தாலும் அது எம மூலைதான்.

எங்கள் கூட்டைச் சுற்றிக் கோழி வலை அடித்திருக்கிறோம். அப்படியும் ஒரே ராத்திரியில் நாலு கோழி போய்விட்டது. வலை அறுந்து கிடந்தது. எது வந்திருக்கும்?
*வருத்தத்துடன் ஒரு வாசகி, பொள்ளாச்சி*

உங்களுக்கு நாலு. எனக்கு ஆறு.

என் முதல் கூட்டுக்கும் அதே அறுகோணக் கண் வைத்த வலைதான். சட்டத்தில் ஆணியை வளைத்து அடித்து, தட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டேன். ஒரு மழை ராத்திரி. காலையில் போனால் ஏழில் ஒன்று மட்டும் கம்பின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. தின்னப்பட்டது ஒன்றுதான், மற்ற ஐந்துக்கும் கழுத்தில் கடி. மரநாய்க்குச் சிறகடிப்பைக் கண்டால் கை நிற்பதில்லை. அன்றைக்குப் புரிந்தது, அதற்குக் கோழி வலை என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று. கோழியை உள்ளே நிறுத்தத்தான் அது லாயக்கு. மரநாயை வெளியே நிறுத்துவதாக அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

காசு செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பெயிண்டில் மிச்சம் பிடியுங்கள், கூரை அழகில் மிச்சம் பிடியுங்கள், வலையில் பிடிக்காதீர்கள். அரை அங்குலக் கட்டம் வைத்த வெல்டு மெஷ் வாங்குங்கள். வளைத்த ஆணியை நம்பாமல் வாஷர் போட்டு ஸ்குரூ முடுக்குங்கள். அடியில் ஓரடி ஆழம் தோண்டி வலையைப் புதைக்கலாம். தோண்ட முடியாத பாறைத் தரை என்றால், கூட்டைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்துக்கு வலையைத் தரையில் படுக்கவைத்து மேலே கல்லை அடுக்குங்கள். நாயும் பெருச்சாளியும் சுவரோரமாகத்தான் தோண்டும். வலை தட்டுப்பட்டதும் விட்டுவிடும், இரண்டடி தள்ளிப் போய்த் தோண்டும் யோசனை அவற்றுக்கு வருவதில்லை.

கதவுக்கு வெறும் கொக்கி போதாது. கொண்டி மாட்டி அதில் ஒரு கம்பியையாவது செருகுங்கள். குரங்கு உள்ள ஊர் என்றால் பூட்டே போட்டுவிடுங்கள். சாவியை மட்டும் அது பார்க்கும்படி வைக்காதீர்கள்.

கீரியை மறந்துவிடக் கூடாது. மரநாய் ராத்திரித் திருடன் என்றால் கீரி பட்டப்பகல் திருடன். மேய்கிற குஞ்சைத்தான் குறிவைக்கும். கோபத்தில் இரண்டுக்கும் விஷமோ பொறியோ வைத்துவிடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இரண்டையும் பாதுகாக்கிறது. உங்கள் கோழியைப் பாதுகாக்கச் சட்டம் எதுவும் இல்லை. அதனால்தான் வலை.

எங்களிடம் நாய் இருக்கிறது. இவ்வளவு வலை எதற்கு?
*தைரியசாலி, தேனி*

நாய் பாதி நேரம் காவல்காரன், மீதி நேரம் சந்தேக நபர்.

அழகாகக் கூடு கட்டிக் கொடுத்தும் கோழிகள் முருங்கை மரத்தில்தான் தூங்குகின்றன. என்ன செய்வது?
*தோற்றுப்போனவர், திருவாரூர்*

கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதை நமக்குத் தெரியும். முருங்கை ஏறிக் கோழி பிடிப்பது அதைவிடக் கஷ்டம். கிளை முதலில் முறியும்.

அவற்றின் மேல் தப்பில்லை. நாட்டுக்கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி ராத்திரியில் மரத்தில்தான் அடையும். உயரம் என்றால் பத்திரம் என்று உடம்பில் எழுதியிருக்கிறது. உட்காரும்போது கால் மடங்கினால் தசைநாண் இழுபட்டு விரல்கள் தானாகவே கிளையை இறுகப் பற்றிக்கொள்ளும். அதனால்தான் தூக்கத்தில் கீழே விழுவதில்லை. (நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிக்கும் இந்தக் குடும்பத்தில் பங்குண்டு. வீட்டுக் கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணு அதனிடமிருந்து வந்தது என்று 2008-இல் கண்டுபிடித்தார்கள். கறிக்கடையில் மஞ்சள் தோலைப் பார்த்து "நல்ல நாட்டுக்கோழி" என்று பேரம் பேசுகிறவர்கள் நீலகிரிப் பக்கம் ஒரு கும்பிடு போடலாம்.)

ஆகவே கூட்டுக்குள் ஒரு மரத்தை வையுங்கள். அதாவது, உட்காரக் கம்பு. இரண்டு அங்குல அகலம், முனை மழுக்கிய சவுக்குக் கம்போ ரீப்பர் கட்டையோ போதும். இரும்புக் குழாய் வேண்டாம், வழுக்கும். கோழிக்கு 8 அங்குலம் இடம். ஏழு கோழி என்றால் நாலடிக் கூட்டில் இரண்டு கம்புகள், ஓரடிக்குக் குறையாத இடைவெளியில். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். ஒன்று மேலே ஒன்று கீழே வைத்தால் மேல் கம்புக்குத் தினமும் தேர்தல் நடக்கும், கீழே இருப்பவர் தலையில் தீர்ப்பு விழும். பெருவிடை போன்ற கனத்த இனத்துக்கு இரண்டடி உயரம் தாண்ட வேண்டாம். குதித்துக் குதித்துப் பாதத்தில் கட்டி வரும்.

பிறகு ஒரு வாரம், பத்து நாள் கூட்டையும் முற்றத்தையும் விட்டு வெளியே விடாமல் வையுங்கள். அதன் பிறகு சாயங்காலத் தீனியைக் கூட்டுக்குள் மட்டும் போடுங்கள். இருட்டினால் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. பழகிய இடத்துக்குத் தானாக வந்துவிடும்.

கூட்டிலிருந்து நாற்றம். பக்கத்து வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டே வணக்கம் சொல்கிறார்.
*ஒரு நல்ல மனிதர், ஈரோடு*

அவரும் நல்ல மனிதர்தான், வணக்கம் சொல்கிறாரே!

கோழி எச்சம் காய்ந்தால் நாறாது. ஈரமானால் அமோனியா. ஒரு கோழி நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் எச்சம் போடும். ஏழு கோழிக்கு முக்கால் கிலோவை நெருங்கும். வருஷத்துக்கு 250 கிலோ. இதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள்தான் நாற்றத்தை உற்பத்தி செய்கிறார்கள். கழுவாதீர்கள், மூடுங்கள். தரையில் மூன்று அங்குலத்துக்கு நெல் உமியோ மரத்தூளோ கடலைத்தோலோ பரப்பி, வாரம் இரண்டு முறை கிளறி, மேலே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். ஆழ்கூளம் என்பது இதுதான். கைப்பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. தும்மல் வந்தால் ரொம்பக் காய்ந்துவிட்டது.

ஈரம் நாற்றத்தோடு நிற்பதில்லை. குஞ்சுகளைக் கொண்டுபோகும் ரத்தக்கழிச்சல் ஈரக் கூளத்தில்தான் செழிக்கும். ஆகவே தண்ணீர்த் தட்டைக் கூட்டுக்குள் வைக்காமல் முற்றத்தில் வையுங்கள். உள்ளே வைத்தே ஆக வேண்டுமென்றால் செங்கல் மேல், கோழியின் முதுகு உயரத்துக்கு. பழைய கூளத்தை மக்கவைத்துப் பக்கத்து வீட்டுத் தென்னைக்கு ஒரு கூடை கொடுத்துப் பாருங்கள். மூக்கிலிருந்து கை இறங்கும்.

வாத்தையும் அதே கூட்டில் விடலாமா?
*சமத்துவவாதி, நாகப்பட்டினம்*

முந்தைய பதிலில் காய்ந்த கூளம் என்று எழுதினேனே, அதை வாத்து படித்ததில்லை.

வீட்டில் பழைய இரும்பு பீரோ சும்மா கிடக்கிறது. கூடாக்கலாமா?
*சிக்கனக்காரர், காரைக்குடி*

சித்திரையில் அதற்குப் பெயர் கூடு இல்லை, தந்தூரி அடுப்பு. எடைக்குப் போட்டு வலை வாங்குங்கள்.

பரணில் பழைய மரக்கட்டில் இருந்தால் சொல்லுங்கள், அது பொக்கிஷம். ஆறுக்கு மூன்றடிக் கட்டில் 18 சதுர அடி. பலகைகளுக்கு நடுவே அரை அங்குல இடைவெளி விட்டு, கால்களுக்கு அடியில் கல் கொடுத்து உயர்த்தினால் அதுவே பரண் தரை. எச்சத்தில் பாதி கீழே விழுந்துவிடும், மீதியைச் சுரண்டலாம். சுற்றிலும் மேலும் சட்டம், வலை. கட்டில் காலில் வேப்பெண்ணெய் தடவுங்கள். கரையானுக்கும் பழைய தேக்கின் அருமை தெரியும்.

மொட்டைமாடியில் கூடு வைக்கலாமா? கூரை எது நல்லது?
*மாடிவாசி, மதுரை*

வைக்கலாம், ஆனால் மாடி ஒரு தோசைக்கல். பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி ஒன்பது, பத்து மணி வரை திருப்பித் தரும். கூடு தளத்தைத் தொடாமல் இரண்டு, மூன்றடிக் கால்களில் நிற்க வேண்டும். அடியில் காற்று ஓட வேண்டும். மாடிப்படி நிழலோ தண்ணீர்த் தொட்டி நிழலோ பிற்பகலில் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் நின்று பாருங்கள். இடம் அதுதான்.

கூரையில் கீற்றுக்கு நிகரில்லை, குளுமை. குறை என்னவென்றால் ஒன்றிரண்டு வருஷத்தில் மாற்ற வேண்டும், அதற்குள் எலி குடிவரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். ஓடு நீண்ட நாள் உழைக்கும், வெயிலும் தாங்கும். தகரம் மட்டும்தான் கட்டுப்படியாகும் என்றால் மேலே கீற்றைப் பரப்புங்கள், அல்லது வெள்ளைச் சுண்ணாம்பாவது அடியுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம், உடைந்தால் பறக்கும் நார் உங்கள் நுரையீரலுக்கும் ஆகாது. கத்திரி வெயிலில் தண்ணீர்த் தட்டு இரண்டாகட்டும். சாதாரண நாளில் கால் லிட்டர் குடிக்கும் கோழி அப்போது அதைப்போல் இரண்டு மடங்கு கேட்கும்.

கூட்டை இருட்டாக்கினால் சேவல் நாலு மணிக்குக் கூவாதா?
*தூக்கம் போனவர், கோவை*

கூவும். 2013-இல் ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தினர் சேவல்களை மங்கிய வெளிச்சத்திலேயே வைத்துப் பார்த்தார்கள். விடியல் தெரியாமலேயே, உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தை வைத்து நேரத்துக்குக் கூவின. பிறகு இன்னொன்றும் கண்டார்கள்: முதலில் கூவும் உரிமை கூட்டத்தில் ஆதிக்கம் செலுத்தும் சேவலுக்கு; மற்றவை அந்தஸ்து வரிசைப்படி. நம் கட்சி மேடைகளில்கூட இவ்வளவு ஒழுங்கில்லை.

முட்டைதான் வேண்டும், குஞ்சு வேண்டாம் என்றால் சேவலே தேவையில்லை. பெட்டை தன் பாட்டுக்கு முட்டையிடும். இந்தச் செய்தியைச் சேவலிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

முட்டைப்பெட்டி வைத்தும் விறகுக்கு நடுவில்தான் முட்டையிடுகிறது.
*தேடிக்கொண்டே இருப்பவர், விருதுநகர்*

விறகுக்குள் இருட்டு, மறைவு, மெத்தென்று சருகு. உங்கள் பெட்டியில்? நீள, அகல, உயரம் ஓரடியில், நாலைந்து பெட்டைக்கு ஒரு பெட்டி போதும். இருட்டான மூலையில், உட்காரும் கம்பைவிடத் தாழ்வாக வையுங்கள். உயரத்தில் வைத்தால் அதைப் படுக்கையறை என்று நினைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் எச்சம் போட்டுவைக்கும். வைக்கோல் போடுங்கள். உள்ளே ஒரு பிங்பாங் பந்தைப் போட்டுவையுங்கள். ஏற்கெனவே ஒருத்தி இட்டுவிட்டாள் என்று நம்பி அடுத்தவளும் அங்கேயே இடுவாள். நகைக்கடைத் தள்ளுபடிக் கூட்டம் மாதிரிதான்.

நாமக்கல் பண்ணைகள் மாதிரி அடுக்குக் கூண்டு வைத்தால் இடம் மிச்சமாகுமே?
*கணக்குப் பிள்ளை, சேலம்*

இடம் மிச்சம்தான், கோழிக்கு மட்டும் மிச்சமில்லை. அந்தக் கம்பிக் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைப்பது ஒரு ஏ4 தாளைவிடக் குறைவான இடம். லட்சக்கணக்கில் வளர்த்து முட்டை லாரியை நிரப்புகிறவர்களின் கணக்கு அது. ஐரோப்பிய ஒன்றியம் வெறும் கம்பிக் கூண்டுகளை 2012 முதல் தடை செய்துவிட்டது. வீட்டில் ஏழு கோழி வளர்ப்பவர் அந்தக் கணக்கைக் கடன் வாங்குவானேன்? கிளறத் தெரிந்த பறவைக்குக் கிளற மண் வேண்டும்.

பாட்டி பஞ்சாரத்தில்தான் வளர்த்தாள். அது போதாதா?
*பேத்தி, சிவகங்கை*

தாயையும் குஞ்சுகளையும் கவிழ்த்து மூடப் பஞ்சாரத்துக்கு ஈடு இன்றைக்கும் இல்லை. காற்று வரும், பருந்து வராது, குஞ்சு வெளியே வந்து இரை பொறுக்கிக்கொண்டு திரும்ப ஓடிவிடும். கொங்குப் பக்கம் கொடாப்பு என்பார்கள். ஆனால் பாட்டி அதைத் திண்ணையில், தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள். பாதுகாப்பு மூங்கிலில் இல்லை, பாட்டியின் இருமலில் இருந்தது. நீங்கள் ஏசி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதென்றால் ராத்திரிக்கு வலைக்கூடு வேண்டும்.

கோழிகள் கூட்டுக்குள் போகவே பயப்படுகின்றன. கொண்டை வெளுத்திருக்கிறது. பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.
*குழம்பியவர், திண்டுக்கல்*

ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு போய், ஒரு வெள்ளைத் துணியால் கம்பின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். துணியில் ரத்தப் பொட்டு தெரிந்தால் செள்ளு. பகலெல்லாம் மர விரிசலில் பதுங்கி, இருட்டியதும் வந்து ரத்தம் குடிக்கும் உண்ணிக் கூட்டம் அது. கம்பைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி வெயிலில் போடுங்கள்; விரிசல்களை அடைத்து வேப்பெண்ணெய் தடவுங்கள். கோழிக்கு மருந்து தேவையா என்பதைக் கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். இதற்காகத்தான் கம்பை ஆணி அடித்து இறுக்காமல் காடியில் செருகி வைக்க வேண்டும். முற்றத்தில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து ஒரு குழி நிரப்பிவிடுங்கள். புரண்டு குளித்துத் தங்கள் பங்கை அவையே பார்த்துக்கொள்ளும்.

கூடு தயார். கோழி எப்போது வாங்கி வரலாம்?
*பொறுமையிழந்தவர், தஞ்சாவூர்*

முதலில் ஒரு வாளித் தண்ணீரைக் கூட்டின் கூரைமேல் ஊற்றிச் சோதியுங்கள். ஒழுகும் இடத்தைக் கோழி சொல்லாது. வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து போட்ட கோழியா என்று விற்பவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேட்டு அட்டவணைப்படி போட்டுவிடுங்கள். ஏற்கெனவே கோழி இருந்தால் புதியவற்றை இரண்டு வாரமாவது தனியாக வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

சாயங்காலமாகக் கொண்டு வந்து நேராகக் கம்பில் உட்கார வையுங்கள். விடிந்தால் அதுதான் வீடு என்று நம்பிவிடும். சந்தையிலிருந்து வரும்போது காலைக் கட்டி வண்டிக் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கவிட்டு மட்டும் வராதீர்கள். ஒரு கூடை எடுத்துக்கொண்டு போங்கள்.